பதின்வயதுக் கர்ப்பத் தடுப்பு விளம்பரங்கள்: கடுமை யார்மீது விழ வேண்டும்?

ஓர் அமெரிக்க நகரத்தின் பொதுச் சுகாதாரத் துறை, பதின்வயதுக் கர்ப்பங்களைக் குறைப்பதற்கென்று ஒதுக்கப்பட்ட தொகையை எப்படிச் செலவிடுவது என்று முடிவெடுக்க வேண்டிய நிலையில் இருப்பதாகக் கொள்வோம். அதன் முன்னால் இருக்கும் வழிகள் எவையும் புதியவை அல்ல. ஒவ்வொன்றையும் ஏதாவது ஒரு நகரமோ மாநிலமோ தொண்டு அமைப்போ ஏற்கெனவே செய்து பார்த்திருக்கிறது. நியூயார்க்கைப் போல, இளவயதில் பெற்றோராவதைக் குற்றஞ்சாட்டும் சுவரொட்டிகளை ஒட்டலாம். மில்வாக்கி, சிகாகோ நகரங்களைப் போல, பார்ப்பவரைத் திடுக்கிட வைக்கும், ஆனால் தனியொருவரைப் பழிக்காத படங்களை வைக்கலாம். இளந்தாய்மாரின் அன்றாடத்தைத் தொலைக்காட்சியில் காட்டியதால் விளைந்த மாற்றத்தைப் பார்த்து, அந்த வழியில் செல்லலாம். அல்லது கொலராடோவைப் போல விளம்பரத்தைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு, கருத்தடைச் சேவையைக் கட்டணமின்றியோ குறைந்த கட்டணத்திலோ தரலாம்.

இவ்வகை விளம்பரங்கள் எல்லை மீறுகின்றனவா என்ற கேள்வி பெரும்பாலும் ரசனை பற்றிய சண்டையாகவே முடிந்துவிடுகிறது. ஒரு தரப்பு அவை அருவருப்பானவை என்கிறது. மறுதரப்பு, பிரச்சினையே அருவருப்பானதாக இருக்கும்போது விளம்பரம் மட்டும் மென்மையாக இருக்க வேண்டுமா என்று கேட்கிறது. என் பார்வையில் கடுமை தன்னளவில் குற்றமன்று. அந்தக் கடுமை யார்மீது விழுகிறது என்பதையும், அதைப் பார்த்தவுடன் ஒரு பெண்ணோ பையனோ செய்யக்கூடிய காரியம் ஏதேனும் அங்கே சொல்லப்படுகிறதா என்பதையும் வைத்தே எதைத் தேர்வது என்று தீர்மானிக்க வேண்டும்.

வழிகளை ஒப்பிடுவதற்கு முன் ஒரு பின்னணியைச் சொல்லிவிட வேண்டும், ஏனெனில் அது தெரியாமல் எந்த விளம்பரத்தின் வெற்றிக் கணக்கையும் மதிப்பிட முடியாது. அமெரிக்காவில் 15 முதல் 19 வயது வரையிலான பெண்களில் ஆயிரத்துக்கு எத்தனை பிரசவங்கள் என்ற விகிதம் 1957இல் 96.3 ஆக உச்சத்தில் இருந்தது. அன்று அந்தத் தாய்மாரில் பெரும்பாலோர் மணமானவர்கள் என்பதால் அதை யாரும் சமூக நெருக்கடியாகப் பேசவில்லை. 1991இல் 61.8 ஆக இருந்த விகிதம் 2012இல் 29.4 ஆகவும், 2020இல் 15.4 ஆகவும் இறங்கியது. இடையில் 2005க்குப் பிறகு ஓரிரு ஆண்டுகள் மட்டும் சற்று ஏறியது. அதாவது விளம்பரம் வைத்த ஊரிலும் வைக்காத ஊரிலும், பாலியல் கல்வி கற்பித்த மாநிலத்திலும் கற்பிக்காத மாநிலத்திலும் இது குறைந்துகொண்டே வந்திருக்கிறது. ஆகவே எங்கள் விளம்பரத்துக்குப் பிறகு விகிதம் குறைந்தது என்று ஒரு நகரம் சொன்னால், பக்கத்து நகரத்தில் எவ்வளவு குறைந்தது என்று உடனே கேட்க வேண்டும். இன்னொன்று, இந்தப் பிரசவங்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று 18, 19 வயதுப் பெண்களுடையவை. விளம்பரப் படத்தில் காணும் பள்ளிச் சிறுமியின் முகம் முழு உண்மையைச் சொல்வதில்லை.

நியூயார்க் எடுத்த வழியைத்தான் முதலில் விரிவாகப் பார்க்க வேண்டும், ஏனெனில் எல்லை மீறல் என்ற குற்றச்சாட்டு மிக உரக்க எழுந்தது அங்கேதான். 2013 மார்ச் மாதத்தில், மேயர் மைக்கேல் புளூம்பெர்க் காலத்தில், நகரத்தின் மனிதவள நிர்வாகத் துறை சுமார் 4 லட்சம் டாலர் செலவில் சுரங்க ரயில்களிலும் பேருந்து நிறுத்தங்களிலும் சுவரொட்டிகளை வைத்தது. உதவித்தொகை, உணவு உதவி ஆகியவற்றை வழங்கும் துறை அது என்பது கவனத்துக்குரியது; இதை வெளியிட்டது சுகாதாரத் துறை அன்று. படங்களில் இருந்தவர்கள் ஓரிரு வயதுக் குழந்தைகள். சுருள்முடிச் சிறுவன் ஒருவன் கன்னத்தில் கண்ணீர் வழிய நின்றான். நீங்கள் பதின்வயதில் என்னைப் பெற்றதால் நான் பள்ளிப் படிப்பை முடிக்காமல் போகும் வாய்ப்பு இருமடங்கு என்பது அவன் வாயில் வைக்கப்பட்ட வாசகம். இன்னொரு குழந்தை தன் தாயிடம், உண்மையைச் சொன்னால் அவர் உன்னோடு இருக்கப்போவதில்லை, அப்போது என் கதி என்ன என்று கேட்டது. மற்றொன்று தந்தையிடம், அடுத்த 20 ஆண்டுகள் என் பராமரிப்புக்குப் பணம் கட்டிக்கொண்டிருப்பாய் என்றது. நியூயார்க் மாநிலச் சட்டப்படி பிள்ளைக்கு 21 வயதாகும் வரை அந்தக் கடமை உண்டு என்பதால் இந்த வாசகம் மட்டும் வெறும் சட்டத் தகவல்தான்.

சுவரொட்டியில் இருந்த எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பினால், கர்ப்பமான ஒரு பெண்ணையும் அவளுடைய காதலனையும் பற்றிய கதை விளையாட்டாகத் தொடர்ந்தது. அதில் அந்தப் பெண்ணின் உற்ற தோழியே நடன விழாவில் அவளுடைய உடல் பருமனைச் சொல்லி இழிவாகப் பேசும் கட்டம் ஒன்று இருந்தது. நகர அரசின் பணத்தில், ஒரு கர்ப்பிணிச் சிறுமியைத் தோழியர் எப்படி ஏசுவார்கள் என்று எழுதி மற்றச் சிறுமிகளின் கைப்பேசிக்கு அனுப்பியிருக்கிறார்கள். இதைப் படித்த ஒருத்தி கருத்தடை பற்றி என்ன புதிதாகத் தெரிந்துகொண்டிருப்பாள் என்று எவ்வளவு யோசித்தும் எனக்கு விளங்கவில்லை.

இந்த விளம்பரங்களின் வலிமை அவை உண்மையைச் சொல்கின்றன என்பதில் இருக்கிறது என்றே நகரம் வாதிட்டது. அந்த உண்மை எத்தகையது என்று பார்ப்போம். பதின்வயதுத் தாய்மாரின் பிள்ளைகள் பள்ளியை முடிக்காமல் விடுவது அதிகம் என்பது புள்ளிவிவரமாகச் சரி. ஆனால் தாயின் வயதுதான் அதற்குக் காரணமா என்பது வேறு கேள்வி. வறிய குடும்பத்தில், தரங்குறைந்த பள்ளிகள் உள்ள வட்டாரத்தில் வளரும் பெண்களே பெரும்பாலும் இளவயதில் தாயாகிறார்கள். அவர்கள் இருபத்தைந்து வயதில் பெற்றிருந்தாலும் அந்தப் பிள்ளை அதே வட்டாரத்தில், அதே பள்ளியில்தான் படித்திருக்கும். இதைப் பிரித்தறிய ஆய்வாளர்கள் இரண்டு நுட்பமான முறைகளைக் கையாண்டார்கள். 1992இல் ஆர்லைன் ஜெரோனிமஸ், சாண்டர்ஸ் கோரன்மன் இருவரும், ஒரே வீட்டில் பிறந்து ஒருத்தி பதின்வயதிலும் மற்றவள் பிற்பாடும் தாயான அக்கா தங்கைகளை ஒப்பிட்டார்கள். பின்னர் ஜோசப் ஹாட்ஸும் அவருடைய சக ஆய்வாளர்களும், பதின்வயதில் குழந்தை பெற்றவர்களை, அதே வயதில் கர்ப்பமாகிக் கருச்சிதைவுக்கு உள்ளானவர்களோடு ஒப்பிட்டார்கள். இரண்டு வகை ஆய்விலும், இளவயதுத் தாய்மையால் மட்டுமே நேர்ந்த பாதிப்பு, மேலோட்டமான கணக்கில் தெரிவதைவிட மிகச் சிறியதாக வந்தது. பின்வந்த ஆய்வுகள் ஓரளவு பாதிப்பு உண்டு என்று திருத்தின. ஆயினும், நீ என்னைப் பெற்றதால் எனக்கு இருமடங்குக் கேடு என்று ஒரு குழந்தையைச் சொல்ல வைக்க இந்த ஆய்வுகள் இடந்தரவில்லை. ‘பெற்றதால்’ என்று காரணம் காட்டும் அந்த வாசகத்துக்கு ஆதாரம் கிடையாது.

அதே வரிசையில் இன்னொரு சுவரொட்டி, பள்ளியை முடித்து, வேலை தேடிக்கொண்டு, மணம் செய்த பிறகு குழந்தை பெற்றால் வறுமையில் வீழாதிருக்கும் வாய்ப்பு 98 விழுக்காடு என்றது. புரூக்கிங்ஸ் ஆய்வு நிறுவனத்தின் ரான் ஹாஸ்கின்ஸ், இசபெல் சாஹில் ஆகியோரின் கணக்கிலிருந்து பிறந்த வாசகம் இது. அக்கணக்கில் வேலை என்பது முழுநேர வேலை. முழுநேர வேலை உள்ள குடும்பம் வறுமைக்கோட்டுக்கு மேலே இருப்பதில் வியப்பில்லை. அந்த வேலை கிடைக்காத வட்டாரத்தில் வாழும் 16 வயதுப் பெண்ணிடம் அதைச் சொல்வதால் அவளுக்கு என்ன பயன் என்பதே கேள்வி.

இவற்றையெல்லாம் விடக் கனமானது, அடி யார்மீது விழுகிறது என்பது. சுரங்க ரயிலில் அந்தப் படத்தின் கீழே இடுப்பில் குழந்தையோடு நிற்கும் 18 வயதுத் தாயும் அதைப் படிக்கிறாள். அவளுக்கு அது எச்சரிக்கையாக அமைய வழியில்லை, ஏனெனில் தடுக்க வேண்டியது முன்பே நடந்துவிட்டது. அவள் கேட்பது தீர்ப்பை மட்டுமே. எட்டு வயதில் எழுத்துக்கூட்டிப் படிக்கும் அவளுடைய பிள்ளையும் ஒருநாள் அதைப் படிக்கும். கருத்தடை உள்ளிட்ட இனப்பெருக்க நலச் சேவைகளை வழங்கும் பிளான்ட் பேரன்ட்ஹுட் அமைப்பின் நியூயார்க் நகரக் கிளை, இவ்விளம்பரங்கள் இளம் பெற்றோரை இழிவுபடுத்துகின்றன, பதின்வயதுக் கர்ப்பத்துக்கு அடிப்படையான சமூக, பொருளாதாரக் காரணங்களைப் பேசாமல் விட்டுவிடுகின்றன என்று வெளிப்படையாகக் கண்டித்தது. அதே 2013இல், உலகை மாற்ற வேண்டிய வயதில் டயப்பர் மாற்றிக்கொண்டிருப்பதா என்ற பொருளில் கேண்டீஸ் அறக்கட்டளை நடத்திய விளம்பரத்தை எதிர்த்து, இளவயதில் தாயான ஏழு பெண்கள் ஒன்றுசேர்ந்து, பதின்வயதுப் பெற்றோரை வெட்கப்படுத்தாதீர்கள் என்ற இயக்கத்தைத் தொடங்கினார்கள். தடுப்பு விளம்பரங்களால் பேசப்படும் பொருளாகவே இருந்தவர்கள் பேசுகிறவர்களாக வந்தது நல்ல திருப்பம் என்றே கருதுகிறேன்.

எதிர்த்தரப்பின் வலுவான வாதத்தையும் அதற்குரிய மதிப்போடு சொல்ல வேண்டும். அந்நாட்களில் ரிச்சர்ட் ரீவ்ஸ் நியூயார்க் டைம்ஸில் எழுதிய கட்டுரை, வெட்க உணர்வு ஒரு சமூகத்தின் ஒழுங்கைக் காக்கும் கருவிகளுள் ஒன்று என்றும், அதைப் பயன்படுத்தத் தாராளவாதிகள் அஞ்சுவது பிழை என்றும் வாதிட்டது. சட்டத்தால் தண்டிப்பதைவிட வெட்கத்தால் திருத்துவது மென்மையானது என்பதில் ஓர் உண்மை இருக்கிறது. குடித்துவிட்டு வண்டி ஓட்டுவது அவமானகரமான செயலாக மாறியது பல உயிர்களைக் காத்திருக்கும். ஆனால் குடித்து ஓட்டியவர் மறுநாள் அதை விட்டுவிட முடியும். விட்டதும் வெட்கமும் விலகும். தாயானவள் தாய்மையை விட்டுவிட முடியாது, விடவும் கூடாது என்பதுதான் நம் எல்லோருடைய விருப்பமும். விலகிச் செல்ல வழியே இல்லாத ஒன்றின்மேல் சுமத்தப்படும் வெட்கம் திருத்துவதில்லை. அது அந்தப் பெண்ணைப் பள்ளியிலிருந்தும் மருத்துவமனையிலிருந்தும் ஒதுங்க வைக்கும். அவளுடைய பிள்ளைக்குத் தேவையானது இதற்கு நேர்மாறானது.

அதே நியூயார்க் நகரம் 2011 முதலே தன் உயர்நிலைப் பள்ளிகள் சிலவற்றில் செவிலியர் மூலம் கருத்தடை மாத்திரைகளையும் அவசரக் கருத்தடையையும் வழங்கி வந்தது. விரும்பாத பெற்றோர் எழுதிக்கொடுத்து விலக்குப் பெறலாம். அதே ஆண்டில் அரசுப் பள்ளிகளில் பாலியல் கல்வியையும் கட்டாயமாக்கியது. சுவரொட்டிகள் வருவதற்கு முந்தைய பத்தாண்டுகளிலேயே நகரத்தின் பதின்வயதுக் கர்ப்ப விகிதம் 27 விழுக்காடு குறைந்திருந்ததாக நகரமே அறிவித்திருந்தது. பயன் தந்துகொண்டிருந்த சேவைகள் கையில் இருந்தும், அழும் குழந்தையின் வாசகத்தில் அவற்றைப் பற்றி ஒரு வரியும் இடம்பெறவில்லை என்பதுதான் எனக்குப் பெரும் வருத்தம்.

இரண்டாவது வழி மில்வாக்கியினுடையது. 2000களின் நடுவில் அமெரிக்கப் பெருநகரங்களில் பதின்வயதுப் பிரசவ விகிதம் மிக உயர்ந்த இடங்களுள் ஒன்றாக அது இருந்தது. 2006இல் 15 முதல் 17 வயதுப் பெண்களில் ஆயிரத்துக்கு 52 பிரசவங்கள். அந்நகரத்தின் யுனைடெட் வே தொண்டு அமைப்பு, அதை 2015க்குள் 46 விழுக்காடு குறைப்பது என்று பகிரங்கமாக இலக்கு வைத்தது. சர்வ் மார்க்கெட்டிங் என்ற தன்னார்வ விளம்பர நிறுவனம் அதற்காகச் செய்த படங்களில் மிகவும் பேசப்பட்டது, மேல்சட்டையின்றி நிறைமாத வயிற்றோடு நிற்கும் பதின்வயதுப் பையன்களின் படம். அதே வடிவத்தைச் சிகாகோ பொதுச் சுகாதாரத் துறை 2013 மே மாதத்தில் எடுத்துக்கொண்டு, எதிர்பாராததா, பதின்வயதுக் கர்ப்பங்களில் பெரும்பாலானவை அப்படித்தான் என்ற வாசகத்தோடு பேருந்துகளிலும் ரயில் நிலையங்களிலும் வைத்தது. ஆணுறை பயன்படுத்துங்கள், அல்லது காத்திருங்கள் என்ற அறிவுரையும் அதே பலகையில் இருந்தது.

இதுவும் கடுமையான விளம்பரம்தான். முதலில் பார்ப்பவர் எவரும் இரண்டாம் முறை திரும்பிப் பார்ப்பார். ஆயினும் நியூயார்க் விளம்பரத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு பெரிது. இங்கே எந்த உண்மையான தாயும் சுட்டப்படவில்லை, எந்தக் குழந்தையும் தன் பிறப்பைப் பற்றிப் புகார் சொல்லவில்லை. வழக்கமாக இப்பேச்சில் தப்பித்துக்கொள்ளும் ஆண்பிள்ளைதான் நடுவில் நிறுத்தப்பட்டிருக்கிறான். மில்வாக்கியில் யுனைடெட் வே 2006இல் வெளியிட்ட அறிக்கை, இக்குழந்தைகளின் தந்தையரில் வயதுவந்த ஆண்கள் பெருமளவில் இருந்ததைச் சுட்டிக்காட்டியது. பள்ளி மாணவியைக் கர்ப்பமாக்கும் வயதுவந்த ஆணைக் குறிவைத்து எவ்வளவு கடுமையான விளம்பரம் செய்தாலும் அதை எல்லை மீறல் என்று நான் சொல்ல மாட்டேன். அவன் தன் செயலை விட்டுவிட முடியும், விடவும் வேண்டும்.

குறைகளும் உண்டு. பையனின் கர்ப்பிணி வயிறு விகாரமாகத் தோன்றுவதை நம்பியே இந்தப் படம் வேலை செய்கிறது. மில்வாக்கி வாசகமோ, ஒரு பெண்பிள்ளை அப்படி இருந்தாலும் இதே அளவு உங்களைக் கலங்க வைக்க வேண்டும் என்ற பொருளில் அமைந்தது. அப்படியானால் கர்ப்பிணிச் சிறுமியின் உடலையும் விகாரமாகப் பார்க்கவே அது அழைக்கிறது என்று ஒருவர் சொன்னால் அதை மறுக்க இயலாது. சிகாகோ அந்த வரியை விட்டுவிட்டு ஆணுறை பற்றிய வரியை வைத்தது, ஒரே படத்தை மேலானதாக்கிய திருத்தம். மில்வாக்கியின் இலக்கைப் பொறுத்தவரை, அது 2012ஆம் ஆண்டின் எண்ணிக்கையிலேயே எட்டப்பட்டுவிட்டது. ஆனால் அதே ஆறு ஆண்டுகளில் தேசிய அளவிலும் அந்த வயதுப் பெண்களின் பிரசவ விகிதம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. தவிர, அந்நகரத்தில் பள்ளிப் பாடத்திட்டம், சமூக அமைப்புகளின் பயிற்சி என்று பல வேலைகள் விளம்பரத்தோடு சேர்ந்தே நடந்தன. படத்துக்குத் தனியாக எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்ல முடியாது.

திடுக்கிட வைக்கும் விளம்பரம் எங்கே சறுக்கும் என்பதற்குப் பழைய எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. 2000ஆம் ஆண்டுவாக்கில், பதின்வயதுக் கர்ப்பத் தடுப்புக்கான தேசிய இயக்கம் இளையோரின் படங்களுக்குக் குறுக்கே ஒரேயொரு சொல்லைப் பெரிய எழுத்தில் அச்சிட்டது. ஒன்றில் மலிவு, ஒன்றில் அழுக்கு என்று பொருள்படும் சொற்கள். அருகே சென்று பார்த்தால் அது ஒரு முழு வாக்கியத்தின் பகுதி என்று தெரியும்: ஆணுறை மலிவானது, ஒன்றைப் பயன்படுத்தியிருந்தால் கர்ப்பமாக இருப்பதைப் பெற்றோரிடம் சொல்ல வேண்டி வந்திருக்காது என்பது ஒன்று; நண்பர்களோடு வெளியே போக ஆசை, ஆனால் வீட்டில் அழுக்கு டயப்பர் மாற்றிக்கொண்டிருக்கிறேன் என்பது மற்றொன்று. சிறிய எழுத்தில் இருந்தவை நல்ல வாக்கியங்கள், ஒன்றில் செய்தியும் இருந்தது. ஆனால் பத்தடி தூரத்திலிருந்து பார்ப்பவருக்குத் தெரிவது ஒரு பெண்ணின் படமும் அவள்மேல் ஒட்டிய வசைச்சொல்லும் மட்டுமே. விளம்பரத்தை அங்கீகரிப்பவர்கள் அதை மேசைமேல் வைத்துப் படிக்கிறார்கள். தெருவில் போகிறவர்கள் அப்படிப் படிப்பதில்லை.

மூன்றாவது வழியைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனெனில் ஒரு நகரம் தன் பணத்தில் வாங்கக்கூடிய ஒன்றன்று அது. 2009 ஜூனில் எம்டிவி தொலைக்காட்சி, கர்ப்பமான 16 வயதுப் பெண்களின் உண்மையான நாட்களைப் பதிவு செய்து காட்டும் தொடரை ஒளிபரப்பத் தொடங்கியது. தூக்கமில்லாத இரவுகள், விட்டுச் சென்ற காதலன், தாயோடு சச்சரவு எல்லாம் அதில் இருந்தன. பொருளியலாளர்கள் மெலிசா கியர்னி, பிலிப் லெவின் ஆகியோர் 2014இல் வெளியிட்ட ஆய்வு, தொடர் வந்த முதல் 18 மாதங்களில் பதின்வயதுப் பிரசவங்களில் 5.7 விழுக்காடு குறைவு அதனால் நேர்ந்தது என்றது. ஒளிபரப்பான நேரங்களில் கருத்தடை பற்றிய இணையத் தேடல்கள் கூடியதையும் அவர்கள் காட்டினார்கள். பின்னர் டேவிட் ஜேகர், டெட் ஜாய்ஸ், ராபர்ட் கேஸ்ட்னர் ஆகியோர் அந்தக் கணக்கின் அடிப்படை அனுமானம் நிற்காது என்று வாதிட்டார்கள். முடிவு எதுவாயினும், பழி சொல்லாமல் காட்டினாலே இளையோர் தாமாகத் தேடிப் போகிறார்கள் என்ற பகுதி எனக்கு முக்கியமாகப் படுகிறது.

அதே சமயம், யதார்த்தத்தை எவ்வளவு கூட்டிக் காட்டுகிறோமோ அவ்வளவு பயன் என்று எண்ணிவிடக் கூடாது. மேற்கு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் 57 பள்ளிகளில் நடந்த சோதனையின் முடிவு 2016இல் லான்செட் இதழில் வெளிவந்தது. நிஜக் குழந்தையைப் போல இரவில் அழும் மின்னணுப் பொம்மையை வீட்டுக்கு எடுத்துச் சென்று பராமரித்த மாணவியரில் 8 விழுக்காட்டினர் 20 வயதுக்குள் குழந்தை பெற்றார்கள். பொம்மை தரப்படாத மாணவியரில் அது 4 விழுக்காடு. கருக்கலைப்பும் முறையே 9, 6 விழுக்காடு. அச்சுறுத்தும் என்று பெரியவர்கள் நம்பிய அனுபவம் அந்தப் பெண்களை அச்சுறுத்தவில்லை.

அச்சமூட்டும் பிரசாரம் பற்றிய ஆய்வுகளும் இதற்கு ஒத்துப் போகின்றன. கிம் விட் 1992இல் முன்வைத்த கோட்பாட்டின்படி, ஆபத்தைக் காட்டும்போதே அதைத் தவிர்க்கத் தன்னால் முடியும் என்ற நம்பிக்கையும் கிடைத்தால் மனிதர் செயல்படுகிறார். அது கிடைக்காவிட்டால் அச்சத்தை அடக்கவே முயல்கிறார், செய்தியை மறுக்கிறார், சொல்பவர்மேல் சினங்கொள்கிறார். அச்சமூட்டல் பொதுவாகப் பயன் தருகிறது என்றும், செய்யக்கூடிய வழியைச் சேர்த்துச் சொல்லும்போது கூடுதலாகப் பயன் தருகிறது என்றும் 2015இல் வெளிவந்த பெரிய தொகுப்பாய்வு ஒன்று முடிவு கண்டது. ஆகவே கடும் விளம்பரமே கூடாது என்போருக்கும் இந்த ஆய்வுகள் துணை நிற்பதில்லை.

நான்காவது வழி கொலராடோவினுடையது. 2009 முதல் அம்மாநிலம், தனியார் அறக்கொடை ஒன்றின் உதவியோடு, காப்பர்-டி போன்று கருப்பைக்குள் வைக்கும் சாதனங்களையும், கைத்தோலுக்கடியில் வைக்கும் சிறு குச்சி வடிவக் கருத்தடையையும் குடும்பநல மருத்துவமனைகள் மூலம் இலவசமாகவோ குறைந்த விலையிலோ தந்தது. அந்த அறக்கொடையின் உதவி இல்லாவிட்டால் இவற்றைப் பொருத்திக்கொள்ள ஒரு பெண்ணுக்கு நூற்றுக்கணக்கான டாலர் ஆகும். ஓர் உணவகத்தில் மணிக்கூலிக்கு வேலை செய்யும் 18 வயதுப் பெண்ணால் அது முடியாது. 30,000க்கும் மேற்பட்ட பெண்கள் இவற்றைப் பெற்றார்கள். 2009 முதல் 2013 வரை மாநிலத்தில் பதின்வயதுப் பிரசவ விகிதம் 40 விழுக்காடும், அந்த வயதினரின் கருக்கலைப்பு விகிதம் 42 விழுக்காடும் குறைந்ததாக மாநிலச் சுகாதாரத் துறை அறிவித்தது.

மில்வாக்கியிடம் கேட்ட கேள்வியைக் கொலராடோவிடமும் கேட்டாக வேண்டும். ஜேசன் லிண்டோ, அனலிசா பேக்கம் ஆகியோர் நாட்டின் பொதுவான இறக்கத்தைக் கழித்துவிட்டுக் கணக்கிட்டபோது, நிதி பெற்ற மருத்துவமனைகள் இருந்த மாவட்டங்களில் இத்திட்டத்தால் விளைந்த குறைவு ஐந்தாண்டுகளில் 6.4 விழுக்காடு என்று வந்தது. வறுமை மிகுந்த இடங்களில்தான் அதன் பயன் கூடுதலாகத் தெரிந்தது. 40 என்ற எண்ணோடு ஒப்பிட்டால் இது சிறிதாகத் தோன்றலாம், ஆனால் இது நிற்கக்கூடிய எண். செயின்ட் லூயிஸ் நகரில் நடந்த சாய்ஸ் ஆய்வுத் திட்டமும் இதற்குத் துணை நிற்கிறது. அங்கே 15 முதல் 19 வயது வரையிலான 1,404 பெண்களுக்கு எல்லாக் கருத்தடை முறைகளையும் விளக்கிச் சொல்லி, விரும்பியதை இலவசமாகத் தந்தார்கள். 72 விழுக்காட்டினர் மேற்சொன்ன சாதனங்கள் போன்ற நீண்டகால முறைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். இந்த 1,404 பேரிடையே ஆண்டுக்கு ஆயிரத்துக்கு 34 கர்ப்பங்களே நேர்ந்தன. பாலுறவு அனுபவமுள்ள அமெரிக்கப் பதின்வயதுப் பெண்களில் 2008ஆம் ஆண்டு விகிதம் 158.5.

இவ்வழியிலும் எல்லை மீறல் நேரலாம் என்பதை மறைக்கக் கூடாது. கறுப்பினப் பெண்களும் போர்ட்டோரிக்கோப் பெண்களும் பழங்குடிப் பெண்களும் தங்கள் முழுச் சம்மதமின்றிக் கருத்தடை அறுவைக்கு உள்ளாக்கப்பட்ட வரலாறு அந்நாட்டுக்கு உண்டு. ஆகவே மருத்துவர் ஒரு சாதனத்தை வற்புறுத்திப் பொருத்துவதும், அகற்றச் சொல்லி வரும் பெண்ணைத் திருப்பி அனுப்புவதும் சுவரொட்டியைவிட ஆழமான காயத்தை உண்டாக்கும். பொருத்துவது எவ்வளவு எளிதோ அவ்வளவு எளிதாக அகற்றவும் முடிய வேண்டும். அரசியலும் இடையில் வரும்: தனியார் நிதி முடிந்தபின் அரசு தொடர்வதற்காகக் கேட்கப்பட்ட 50 லட்சம் டாலரை 2015இல் கொலராடோச் சட்டமன்றம் தரவில்லை; மறு ஆண்டில்தான் 25 லட்சம் ஒதுக்கியது. விளம்பரத்துக்கு நிதி பெறுவது எளிது, மருத்துவமனைக்குப் பெறுவது கடினம் என்பது பல நகரங்களில் இம்முடிவைச் சத்தமில்லாமல் தீர்மானித்துவிடும் காரணம்.

ஆகவே அந்தச் சுகாதாரத் துறைக்கு நான் சொல்லக்கூடியது இது. பணத்தின் பெரும்பகுதி சேவைக்கும் பள்ளிக் கல்விக்கும் போக வேண்டும். நியூயார்க் செய்த வகை விளம்பரம் வேண்டவே வேண்டாம். அதன் புள்ளிவிவரம் காரணத்தையும் உடனிகழ்வையும் குழப்புகிறது, அடி விழுவதோ இனி எதையும் தடுக்க முடியாதவர்மேல். சிகாகோ வகை விளம்பரத்தைச் சிறிய செலவில் வைக்கலாம், ஆனால் அதில் கருத்தடை கிடைக்கும் இடத்தின் முகவரி, திறந்திருக்கும் நேரம், கட்டணம் உண்டா இல்லையா, பெற்றோரின் ஒப்புதல் தேவையா என்பவை தூரத்திலிருந்து படிக்கும் அளவில் இருக்க வேண்டும். 16 வயதுப் பெண்ணுக்கு அந்தக் கடைசித் தகவல்தான் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிது, ஏனெனில் அது தெரியாததாலேயே பலர் வாசல்வரை வருவதில்லை. படத்தை அச்சுக்கு அனுப்பும் முன் இளம் தாய்மார் சிலரை அழைத்து, அவர்களுக்குரிய ஊதியத்தையும் தந்து, அதைப் பத்தடி தூரத்தில் மாட்டிக் காட்டிக் கருத்துக் கேட்க வேண்டும். பள்ளி விட்ட பிறகோ சனிக்கிழமையோ திறந்திருக்கும் மருத்துவமனை அந்தப் பேருந்துத் தடத்தில் ஒன்றும் இல்லையென்றால், அது திறக்கப்படும்வரை விளம்பரப் பணத்தைத் தொடாமல் வைத்திருக்க வேண்டும்.